எத்தனாலுக்கு விட்டுக்கொடுத்த வரி யார் கையில் போய்ச் சேருகிறது?

#1 மேகலை_கோவை

அனைவருக்கும் வணக்கம். வரி, வேளாண்மை இரண்டையும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதற்காக மத்திய அரசு வரிசையாக வரிச்சலுகை கொடுத்துவந்திருக்கிறது. 2018 ஜூலையில் கலப்புக்கான எத்தனாலின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. 2022 பட்ஜெட்டில், எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் கலால் வரி என்று அறிவித்து, அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 2023 அக்டோபரில் மொலாசஸ் (கரும்பில் சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் பாகு, எத்தனாலின் மூலப்பொருள்) மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. கலப்பு 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டு, 2025இல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. 2030க்கு வைத்த இலக்கு அது.

இவ்வளவு வரியை விட்டுக்கொடுத்தும் பங்க்கில் விலை இறங்கவில்லை. என் கார் 2014இல் வாங்கியது, மைலேஜ் குறைந்திருக்கிறது. நிதி ஆயோக் குழு 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையே, எரிதிறன் குறைவதை ஈடுகட்டும் அளவுக்கு இந்த எரிபொருளின் சில்லறை விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று கூறியது. அப்படியானால் விட்டுக்கொடுத்த வரி எங்கே போகிறது? கட்சிச் சண்டை வேண்டாம். கணக்காகச் சொல்லுங்கள்.

#2 வரிக்கணக்கர்_சென்னை

அம்மா, நீங்கள் பட்டியலிட்டவை எல்லாம் செய்தித்தாளில் வந்தவை. பெரிய சலுகை அந்தப் பட்டியலில் இல்லை. அது கலால் வரியில் இருக்கிறது.

கலால் வரி கட்டிய பெட்ரோலையும் ஜிஎஸ்டி கட்டிய எத்தனாலையும் கலந்தால், அந்தக் கலவைக்கு மறுபடியும் கலால் வரி கிடையாது. விதிவிலக்கு அறிவிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. விளைவு என்ன? இ20 என்கிற, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு 800 மில்லிக்குத்தான் கலால் வரி. 2025 ஏப்ரலில் உயர்த்திய பிறகு பெட்ரோலின் கலால் வரி லிட்டருக்கு 21.90 ரூபாய் ஆனது; அதை வைத்தே கணக்கிடுகிறேன். மீதி 200 மில்லி எத்தனாலாக இருப்பதால் அரசு இழப்பது 4.38 ரூபாய். அந்த 200 மில்லிக்கு ஜிஎஸ்டியாக வருவது 70 பைசாகூட இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2025 ஜூலை இறுதி நிலவரப்படி, போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து எத்தனாலின் சராசரி விலை லிட்டருக்கு 71.32 ரூபாய் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. அதே காலத்தில் வரிகளுக்கு முந்தைய பெட்ரோல் விலை 53 ரூபாய் அளவில் இருந்தது. எண்ணெய் நிறுவனம் ஒவ்வொரு லிட்டர் எத்தனாலுக்கும் ஏறத்தாழ 18 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறது. அதே லிட்டரில் 21.90 ரூபாய் கலால் வரி மிச்சமாகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விட்டுக்கொடுத்த வரியில் பெரும்பகுதி எத்தனாலின் கூடுதல் விலைக்கே சரியாகப் போய்விடுகிறது. வாகன ஓட்டிக்கு வந்துசேர அதில் மிச்சமில்லை.

2018இன் ஜிஎஸ்டி குறைப்பு ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. அதனால் எத்தனாலுக்குக் கட்டும் ஜிஎஸ்டியை எண்ணெய் நிறுவனம் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது விற்பனையில் கட்டும் வரியில் கழித்து, எடுத்துக்கொள்ள முடியாது. அப்படியே அடக்கவிலையில் ஏறும். 18 சதவீதம் இருந்தவரை அது பெரிய தடை.

ஆண்டுக்கு 1,000 கோடி லிட்டர் எத்தனால் கலக்கிறது என்று வைத்துக்கொண்டால், வராமல்போகும் கலால் வரி 21,900 கோடி ரூபாய். பட்ஜெட் உரையில் 'எத்தனால் மானியம்' என்ற பெயரில் இப்படி ஒரு தொகையை யாரும் வாசித்ததில்லை. எனக்குள்ள கோபம் அங்கேதான். கொடுப்பது சரியா தவறா என்பது பிறகு. கொடுக்கிறோம் என்றாவது சொல்ல வேண்டாமா?

#3 தென்பெண்ணை

நான் விழுப்புரம் மாவட்டத்தில் கரும்பு போடுகிறவன். நகரத்தில் இருப்பவர்கள் மைலேஜ் பற்றி வருத்தப்படுவது நியாயம்தான். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, வெட்டி அனுப்பிய 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தவறினால் 15 சதவீத வட்டி. காகிதத்தில் அழகான சட்டம். எங்கள் பகுதித் தனியார் ஆலை ஒன்று இரண்டு பருவத்துப் பணத்தை நிறுத்திவைத்திருந்தது. வட்டியைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. நகையை வைத்துத்தான் அடுத்த நடவு.

ஆலைக்காரர் சொல்லும் காரணத்திலும் உண்மை இருந்தது. சர்க்கரையை நினைத்த நேரத்தில் விற்க முடியாது. மாதம் இவ்வளவு என்று மத்திய அரசு அளவு வைத்திருக்கிறது. கிடங்கில் சர்க்கரை கிடக்கும், கையில் பணம் இருக்காது. எத்தனால் அப்படியல்ல. எண்ணெய் நிறுவனம் சில வாரங்களில் பணம் கொடுத்துவிடுகிறது. எத்தனால் வடிக்கும் வடிசாலை வைத்திருக்கும் ஆலைகளில் நிலுவை குறைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம் மூன்றும் இதில் நன்றாகப் பிழைத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் வடிசாலை இல்லாத கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு அனுப்புகிறவர்களுக்கு அந்தப் பயன் வரவில்லை.

ஆகவே, 4.38 ரூபாய் வீணாகப் போகிறது என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#4 மேகலை_கோவை

வீண் என்று யாரும் சொல்லவில்லை அண்ணா. உங்கள் நிலுவை தீர்வது எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஆலைக்குப் போன பணத்தில் உங்களுக்கு எவ்வளவு வந்தது? நிலுவை குறைந்தது என்கிறீர்கள்; விலை உயர்ந்ததா?

#5 உந்துதண்டு

இயந்திரவியல் படித்தவன் என்ற முறையில் மைலேஜ் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் 21. மூன்றில் இரண்டு பங்கு. 20 சதவீதம் கலந்தால் கலவையின் ஆற்றல் 6 முதல் 7 சதவீதம் குறையும். இது இயற்பியல், விவாதத்துக்கு இடமில்லை. நிதி ஆயோக் அறிக்கை தந்த மதிப்பீடு: வெறும் பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10க்குச் சரிசெய்த கார்களில் 6–7 சதவீதம், அதே வகை இருசக்கர வாகனங்களில் 3–4 சதவீதம், இ10க்கு வடிவமைத்து இ20க்குச் சரிசெய்த கார்களில் 1–2 சதவீதம் திறன் குறையும். எத்தனாலின் ஆக்டேன் எண் (எஞ்சினுக்குள் அழுத்தத்தைத் தாங்கும் திறனின் அளவு) அதிகம். அதற்கேற்ப அழுத்த விகிதத்தை உயர்த்திச் செய்த எஞ்சின் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும். பழைய எஞ்சினால் முடியாது.

இதைப் பணமாக்கிப் பாருங்கள். 100 ரூபாய் பெட்ரோலில் பழைய கார்க்காரர் 6–7 ரூபாய் இழக்கிறார், பழைய பைக்காரர் 3–4 ரூபாய். புதிய வண்டி வாங்க முடிந்தவருக்கு இழப்பு குறைவு. பத்து வருட பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையனுக்கு இது வருமானத்திலிருந்து போகும் பணம். வரி என்ற பெயர் இல்லாமலே அவனிடம் வசூலாகிறது.

எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தெரிவுசெய்யும் உரிமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனு 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடியானது. ஆகவே விலை வழியாகத்தான் இதற்குத் தீர்வு.

#6 தீவனக்கடை_நாமக்கல்

கரும்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எத்தனாலின் பெரும்பகுதி இப்போது கரும்பிலிருந்து வரவில்லை என்பதை யாரும் குறிப்பிடவில்லையே.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் வடிசாலைகளுக்கு அரிசி கொடுப்பதை நிறுத்தியது. அந்த ஆண்டு மழை பொய்த்ததால் சர்க்கரை குறையும் என்று பயந்து, டிசம்பர் 7 அன்று கரும்புச் சாற்றில் எத்தனால் எடுப்பதற்கும் தடை போட்டார்கள். சில நாளில் 17 லட்சம் டன் சர்க்கரை அளவுக்குத் தளர்த்தினார்கள். கலப்பு இலக்கு மட்டும் அசையவில்லை. வடிசாலைகள் எங்கே போகும்? மக்காச்சோளத்துக்கு வந்தன. எண்ணெய் நிறுவனங்களும் மக்காச்சோள எத்தனாலுக்குத்தான் உச்ச விலை கொடுத்தன: லிட்டருக்கு 71.86 ரூபாய். மொலாசஸ் எத்தனாலுக்கு ஏறத்தாழ 60 ரூபாய் கொடுக்கும் ஊரில் இது.

அதன் பிறகு சந்தையில் எங்களோடு போட்டியிடுவது அரசின் வரிச்சலுகை. நாமக்கல்லில் முட்டைக் கோழித் தீவனத்தில் பாதி மக்காச்சோளம். முட்டையின் உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீவனம். மக்காச்சோளம் கிலோ 25 ரூபாயைத் தாண்டியபோது சின்னப் பண்ணைகள் கோழியைக் குறைத்துக்கொண்டன. முன்பு மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது. கச்சா எண்ணெய் இறக்குமதியில் மிச்சம் பிடித்துத் தீவன இறக்குமதிக்குச் செலவழித்தால் அந்த அந்நியச் செலாவணிக் கணக்கை எப்படி எழுதுவது?

பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை கொடுக்கிறது தமிழ்நாடு அரசு. முட்டை விலை ஏறினால் அந்தச் செலவு மாநிலத்தின் தலையில். மத்திய அரசின் எத்தனால் கணக்கில் இது எங்கேயும் வராது.

#7 கல்லாறு_பெரம்பலூர்

நாமக்கல் அண்ணன் சொல்வதில் ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது. அந்த 25 ரூபாய் யாருக்கு வந்தது? எங்களுக்கு.

2018இல் படைப்புழு வந்து காடு காடாகத் தின்று தீர்த்தது. அதற்குப் பிறகு மருந்துச் செலவே ஏக்கருக்கு எவ்வளவோ கூடிவிட்டது. நெல்லுக்கு இருப்பதுபோல் எங்களுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் கிடையாது. மத்திய அரசு அறிவிக்கும் ஆதார விலை 2024-25இல் குவிண்டால் 2,225 ரூபாய். வியாபாரி அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார். வடிசாலைகள் வாங்க வந்த பிறகுதான் அந்த விலைக்கு மேலே விற்றோம். இத்தனை வருடம் மலிவு மக்காச்சோளத்தில் முட்டை மலிவாக இருந்ததென்றால், அந்த மலிவைத் தாங்கியது எங்கள் நிலம்.

#8 இளவழுதி_இல்லினாய்

இங்கே அமெரிக்காவின் மக்காச்சோளப் பட்டையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இதே பாதையில் இந்த நாடு முப்பது ஆண்டுக்கு மேல் நடந்து முடித்துவிட்டது. நம் ஊருக்குப் பயன்படக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வரிவிலக்கு 1978இல் தொடங்கியது. பிற்காலத்தில் அது கலப்பவருக்குக் கேலனுக்கு 45 சென்ட் வரிக்கழிவு என்ற வடிவத்தில் நின்றது. பிரேசில் எத்தனால் உள்ளே வராமல் தடுக்கக் கேலனுக்கு 54 சென்ட் இறக்குமதித் தீர்வை வேறு. கடைசி ஆண்டுகளில் வரிக்கழிவால் அரசுக்கு ஆண்டுக்கு 500 முதல் 600 கோடி டாலர் வரை இழப்பு. இதை நீக்கினால் தொழிலே அழிந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் பயமுறுத்தினார்கள்.

2011 டிசம்பர் 31 அன்று இரண்டும் காலாவதியாயின. தொழில் அழியவில்லை. 2012இல் பெரும் வறட்சி வந்து உற்பத்தி சற்றுக் குறைந்தது, பிறகு ஏறிவிட்டது. காரணம், 2005, 2007 சட்டங்களின்படி இவ்வளவு எத்தனால் கலந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் தனியாக இருந்தது. கட்டாயம் இருக்கும்போது, எண்ணெய் நிறுவனங்கள் எப்படியும் செய்யப்போகிற வேலைக்கு அரசு மேலே பணம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று. வரிச்சலுகையின் சொற்களை எப்படி எழுதுகிறார்கள் என்பதில் கோடிக்கணக்கான பணம் இருக்கிறது. வேறு நாட்டில் செய்த பயோடீசலைக் கப்பலில் அமெரிக்கத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, அதில் கொஞ்சம் டீசலைத் தெளித்து, கலப்பவருக்கான கேலனுக்கு ஒரு டாலர் கழிவை வாங்கிக்கொண்டு, அப்படியே ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் எதிர்த்தீர்வை போட்டது. அதே 2009இல் காகித ஆலைகள், கூழ் தயாரிப்பில் மிஞ்சுவதும் பல காலமாகத் தாங்களே எரித்துவந்ததுமான கருங்கழிவுநீரில் டீசலைச் சேர்த்து, 'மாற்று எரிபொருள் கலவை' என்று காட்டிக் கேலனுக்கு 50 சென்ட் வாங்கின. தூய எரிபொருளுக்கு வைத்த சலுகை, டீசலைக் கூடுதலாக எரிக்க வைத்தது.

இந்தியா எரிபொருள் கலப்புக்கு வெளிநாட்டு எத்தனாலை அனுமதிப்பதில்லை. அதைத் திறக்கச் சொல்லி இங்குள்ள மக்காச்சோளத் தரப்பு அழுத்துகிறது. பெரம்பலூர் நண்பர் அதையும் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

#9 ஆசிரியை_திருச்சி

பொருளியல் கற்பிக்கிறேன். இல்லினாய் நண்பர் எழுதியதைத் தொடர்கிறேன். இந்தியாவுக்கு அதில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு.

அமெரிக்காவில் எத்தனால் விலையைச் சந்தை முடிவுசெய்தது. இங்கே மத்திய அரசும் அரசு எண்ணெய் நிறுவனங்களும் மூலப்பொருள் வாரியாக விலையை அறிவிக்கின்றன. கலப்பு இலக்கும் அரசுடையது, விலையும் அரசுடையது, வரிவிலக்கும் அரசுடையது. ஆகவே எந்தப் பயிர் வெல்லும் என்பதை அரசே தீர்மானிக்கிறது. நீரைப் பற்றி எந்த விலையிலும் ஒரு சொல் இல்லை. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் நீர் என்று நிதி ஆயோக் அறிக்கையே எழுதியது. மகாராஷ்டிரத்தின் வறண்ட மாவட்டங்களில் இலவசமாக எடுக்கும் நிலத்தடி நீரும் இந்த மானியத்தின் ஒரு பகுதிதான்.

அரிசிக் கதை எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. நிறுத்திவைத்த உணவுக் கழகத்தின் அரிசி 2025இல் மறுபடியும் வடிசாலைகளுக்குக் கிலோ 22.50 ரூபாய்க்குப் போனது. அதைக் கொள்முதல் செய்து, சேமித்து, நகர்த்த ஆகும் செலவு கிலோவுக்கு 40 ரூபாய்க்கு அருகில். அந்த இடைவெளி உணவு மானியக் கணக்கில் ஏறுகிறது. ஏழையின் தட்டுக்கு என்று ஒதுக்கிய தலைப்பில் எரிபொருளுக்கான செலவு.

மக்காச்சோளத்திலும் மறைவான ஒரு விளைவு இருக்கிறது. எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் டிடிஜிஎஸ் என்ற தூள் புரதம் மிகுந்தது, மலிவான தீவனம். அது பெருகியதில் சோயா புண்ணாக்குக்குக் கேட்பு குறைந்தது. 2024இல் சோயா ஆதார விலை குவிண்டால் 4,892 ரூபாய். மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர விவசாயிகள் அதற்குக் கீழே விற்றார்கள். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதுவும் ஒன்று. பெரம்பலூரில் ஏறிய விலையின் ஒரு பகுதியை அங்கே ஒருவர் செலுத்தினார்.

கடைசியாக, 2018 முதல் வடிசாலைகளுக்கு வட்டி மானியமும் கொடுத்தார்கள்: 6 சதவீதம் அல்லது வங்கி வட்டியில் பாதி, எது குறைவோ அது. ஆலைகள் முளைத்தன. 2025-26 பருவத்துக்கு அவை தர முன்வந்தது 1,776 கோடி லிட்டர். எண்ணெய் நிறுவனங்கள் ஒதுக்கியது 1,048 கோடி லிட்டர். கடன் வாங்கிக் கட்டிய ஆலை சும்மா நிற்க முடியாது. 20 போதாது, 27க்குப் போங்கள் என்ற குரல் அங்கிருந்துதான் வருகிறது. வரிச்சலுகை முதலில் ஒரு தொழிலை வளர்க்கிறது, பிறகு அந்தத் தொழில் அரசை நகர்த்துகிறது.

#10 தென்பெண்ணை

மேகலை அம்மா கேட்டதற்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வெட்டு உத்தரவு வந்திருந்தது.

விலை உயர்ந்ததா என்று கேட்டீர்கள். எத்தனாலால் உயரவில்லை. கரும்பு விலையை மத்திய அரசு சர்க்கரைப் பிழிதிறனை (கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் சதவீதம்) வைத்து நிர்ணயிக்கிறது. 2024-25இல் 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு டன் 3,400 ரூபாய். தமிழ்நாட்டுக் கரும்பு பெரும்பாலும் 9.5க்குக் கீழே நிற்கும்; அதற்கு 3,151 ரூபாய். மாநில அரசு 349 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 3,500 ஆக்கியது. அந்த 349 மாநிலத்தின் பணம். எத்தனால் விற்ற கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எங்கள் ரசீதில் ஏறவில்லை.

சர்க்கரைத் துறையை ஆராய்ந்த ரங்கராஜன் குழு 2012இல் சொன்னது, சர்க்கரையும் துணைப்பொருள்களும் சேர்ந்த வருமானத்தில் 70 சதவீதம் விவசாயிக்கு என்று. அந்தப் பட்டியலில் மொலாசஸ் உண்டு, மொலாசஸை வடித்து எடுத்த எத்தனால் இல்லை. இன்றைக்கு ஆலையின் லாபம் இருக்கும் இடமே அதுதான். வரிச்சலுகை விவசாயிக்கு என்று மேடையில் சொல்கிறவர்கள், எத்தனால் வருமானத்தையும் பங்கீட்டுக் கணக்கில் சேர்க்கச் சட்டம் கொண்டுவரட்டும். அதற்காக நான் எந்தப் போராட்டத்துக்கும் வருவேன்.

#11 மட்டுறுத்துநர்

கட்சித் தலைவர்களின் பெயரை இழுத்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, இப்படியே தொடருங்கள்.

#12 வரிக்கணக்கர்_சென்னை

மாநிலங்களைப் பற்றி ஒரு விளக்கம். 21.90 ரூபாயில் அடிப்படைக் கலால் வரி 1.40 ரூபாய்தான், மாநிலங்களோடு பகிர்வது அது மட்டும். மற்றவை செஸ், சிறப்புக் கூடுதல் வரி. ஆகவே எத்தனாலால் குறையும் வரி பெரும்பாலும் மத்திய அரசின் தனிப்பையிலிருந்து போகிறது. மாநில மதிப்புக் கூட்டு வரி கலவையின் முழு லிட்டருக்கும் உண்டு, அதில் இழப்பில்லை. இன்னும் ஒன்று, தொழிற்சாலை ஆல்ககாலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2024 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8க்கு 1 என்று தீர்ப்பளித்தது. எத்தனால் மீது மாநிலக் கட்டணங்கள் வரும் வாய்ப்பு அதனால் கூடியிருக்கிறது.

என் யோசனை இது. எல்லா எத்தனாலுக்கும் ஒரே கலால் விலக்கு என்பதை மாற்ற வேண்டும். மொலாசஸ், கெட்டுப்போன தானியம், வைக்கோல், சோளத்தட்டை ஆகியவற்றிலிருந்து வருவதற்கு முழு விலக்கு. உண்ணும் அரிசிக்கும் மக்காச்சோளத்துக்கும் பாதி. மிச்சமாகும் தொகையை இ20இன் சில்லறை விலையில் குறைக்க வேண்டும். லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்தால்கூடப் பழைய பைக் வைத்திருப்பவரின் இழப்பில் பாதியாவது தீரும். விலக்கின் மொத்தத் தொகையை ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் இணைப்பில் 'கைவிடப்பட்ட வருவாய்' தலைப்பில் தனி வரியாக அச்சிட வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, அறிவிக்கை போதும்.

#13 தீவனக்கடை_நாமக்கல்

கணக்கர் ஐயாவின் யோசனையை எங்கள் சங்கக் கூட்டத்தில் வைக்கிறேன். அதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மக்காச்சோள இறக்குமதிக்கு 50 சதவீதத் தீர்வை இருக்கிறது. 5 லட்சம் டன் வரை 15 சதவீதம். வடிசாலைக்கு அரசு கதவைத் திறந்துவிட்டு எங்களுக்கு மட்டும் துறைமுகத்தை மூடுவது அநியாயம். எத்தனாலுக்குப் போகும் அளவுக்காவது தீர்வையில்லா இறக்குமதி வேண்டும்.

#14 கல்லாறு_பெரம்பலூர்

அண்ணா, இதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். 2025 கடைசியில் கர்நாடகத்தில் மக்காச்சோளம் ஆதார விலை 2,400க்கு வெகு கீழே போய் விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்களே, அப்போது தீர்வையும் இருந்தது, எத்தனாலும் இருந்தது. இரண்டும் இருந்தே அந்த நிலை. தீர்வையை எடுக்கச் சொல்வதற்கு முன், பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஆதார விலைக்கு எடை போட்டு வாங்க ஒரு கொள்முதல் நிலையம் வரட்டும். உங்கள் சங்கமே எங்களோடு நேரடி ஒப்பந்தம் போட்டு, விதைக்கும்போதே விலையைச் சொன்னாலும் சரி. அதற்கு நான் தயார், எங்கள் ஊரில் இன்னும் பலர் தயார். அதற்குப் பிறகு இறக்குமதி பற்றிப் பேசலாம்.